மூக்கு வழியாகவா, முகத்தைத் திறந்தா? மூக்கு, சைனஸ் கட்டிகளில் எதை எதோடு ஒப்பிடுவது

இரண்டு மருத்துவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒருவர், “மூக்குத் துவாரம் வழியாகவே எடுத்துவிடலாம், முகத்தில் கத்தி படாது” என்கிறார். இன்னொருவர், “மூக்கின் ஓரமாகக் கீறித் திறந்துதான் எடுக்க வேண்டும்” என்கிறார். ஸ்கேன் ஒன்றுதான், பதில் இரண்டு. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கட்சி. முகத்தில் தழும்பு கூடாது என்று ஒரு பக்கம். திறந்து எடுத்தால்தான் மிச்சம் மீதி இல்லாமல் போகும் என்று இன்னொரு பக்கம்.

இரு தரப்பும் கடைசிக் கேள்வியை முதலில் கேட்கின்றன என்பது என் கருத்து. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதற்கு முன், உள்ளே இருப்பது என்ன, அது எந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்தச் சுவரைத் தாண்டிவிட்டது என்று தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகு பெரும்பாலும் வாசல் தானாகவே முடிவாகிவிடுகிறது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்குப் பல சமயம் காரணம், இந்த முன்கேள்விகளில் ஒன்றுக்கு இன்னும் சரியான விடை கிடைக்காததுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கட்டியின் பெயர். தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் மூக்கிலும் சைனஸிலும் தோன்றுபவை 3 முதல் 5 சதவீதம்தான். ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குள் வரும் கட்டிகளின் வகைகளோ ஏராளம். செதிள் செல் புற்று, மரத்தூளையும் பதனிட்ட தோலின் தூளையும் பல்லாண்டு சுவாசித்தவர்களுக்கு வரும் சுரப்பிப் புற்று, மோப்ப நரம்புத் திசுவில் பிறக்கும் கட்டி, நிறமிச் செல்களில் பிறக்கும் மெலனோமா, நிணநீர்ச் செல்களில் பிறக்கும் லிம்போமா. புற்று அல்லாதவற்றில் உள்நோக்கி வளரும் மரு போன்ற பாப்பிலோமா, எலும்புக் கட்டி, இரத்தநாளக் கட்டி. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஒட்டிய இடமும் தாண்டிய சுவரும். மேலே மூளை, பக்கத்தில் கண், கீழே அண்ணம், முன்னால் முகத்தோல். இவற்றுக்கு நடுவே இருப்பவை காகிதம் போன்ற எலும்புத் தகடுகள். மூன்றாவது, சுற்றிலும் நல்ல திசு ஓரத்தோடு முழுவதுமாக எடுக்க முடியுமா என்பது. நான்காவது, எடுத்த பிறகு எதை இழப்பீர்கள், எதைத் தினமும் பராமரிக்க வேண்டியிருக்கும். ஐந்தாவது, யார் கை. இந்தப் புற்றுகள் அரிது. ஓராண்டில் லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. எனவே கத்தியின் வகையைக் காட்டிலும் அதைப் பிடித்த கையின் அனுபவத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

## முதலில் ஸ்கேனா, பயாப்ஸியா?

“கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே” என்று தோன்றுவது இயல்பு. பல உறுப்புகளில் அது சரிதான். மூக்கிலோ பெரும்பாலும் ஸ்கேன் முந்த வேண்டும்.

பதினைந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களாகச் சில்லு மூக்கு உடைந்து இரத்தம் வருகிறது. ஒரு பக்கம் அடைப்பு. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் பின்பக்கம் வழவழப்பாகச் செக்கச் சிவந்த ஒரு கட்டி. வளரிளம் ஆண்களுக்கு வரும் இரத்தநாள நார்க்கட்டியாக அது இருந்தால், வெளிநோயாளி அறை நாற்காலியில் உட்கார வைத்துக் கிள்ளுவது ஆபத்தான காரியம், இரத்தம் அடங்காது. அதற்குப் பயாப்ஸி தேவையுமில்லை. வயது, பாலினம், கட்டி இருக்கும் இடம், சிடி ஸ்கேனில் மேல்தாடை சைனஸின் பின்சுவர் முன்பக்கமாக வளைந்து தள்ளப்பட்டிருப்பது ஆகியவற்றை வைத்தே சொல்லிவிடலாம். அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு இரத்தநாளத்தை அடைத்துவிட்டு எடுப்பார்கள்.

இன்னொரு ஆபத்து, கட்டி போலத் தெரிவது கட்டியே இல்லாமல் மண்டையோட்டு ஓட்டை வழியாக இறங்கிய மூளைத் திசுவாக இருப்பது. அதைக் கிள்ளினால் மூளைநீர் கசியும். பின்னாலேயே மூளைக்காய்ச்சல் வரலாம்.

ஸ்கேனுக்குப் பின் செய்வதில் இன்னொரு வசதியும் உண்டு. கிள்ளிய இடம் வீங்கி இரத்தம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில் கட்டியின் எல்லை கலங்கித் தெரியும்.

பயாப்ஸியை முதலில் செய்வது எப்போது சரி? மூக்கின் முன்புறத்தில், கண்ணுக்கு நேராகத் தெரியும் புண் அல்லது தடிப்பு, இரத்தநாளக் கட்டி போன்ற சாயல் இல்லை என்றால், மரக்க வைத்து அன்றே எடுத்துவிடலாம். உள்ளே தள்ளி இருப்பதை மயக்கம் கொடுத்து அறுவை அரங்கில் எடுப்பது மேல். சில நாள் கூடுதலாகும், செலவும் ஏறும். பதிலுக்குப் போதுமான திசு கிடைக்கும், கட்டி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் நேரில் பார்த்துவிடலாம்.

எல்லோரும் அஞ்சும் பயாப்ஸியைவிடப் பெரிய சேதம் வேறொரு வழியில் நடக்கிறது. “மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது” என்று சொல்லி, ஸ்கேனைச் சரியாகப் பார்க்காமல் எடுத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து வரும் அறிக்கையில் வேறு பெயர் இருக்கிறது. அதற்குள் ஒட்டிய இடம் எதுவென்ற தடயம் அழிந்து, தழும்பும் கட்டியும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிட்டிருக்கும். சாதாரணச் சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் இரத்தம், ஒரே கண்ணில் நீர் வடிதல், கன்னம் மரத்துப்போவது, காரணமின்றி மேல்பல் ஆடுவது, காட்சி இரண்டாகத் தெரிவது என்றால், ‘சதைதான்’ என்ற பேச்சை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## சிடியா, எம்ஆர்ஐயா?

சிடி எலும்பைக் காட்டும். எம்ஆர்ஐ மென்திசுவைக் காட்டும். எல்லோருக்கும் தெரிந்த இந்த வாக்கியத்தின் கனம், ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

ஒருவருடைய சிடியில் வலப்பக்கம் மூக்கிலிருந்து நெற்றி சைனஸ் வரை ஒரே சாம்பல் நிறம். அறிக்கை, ‘நெற்றி சைனஸ் வரை பரவிய கட்டி’ என்கிறது. அப்படியானால் நெற்றி எலும்பைத் திறக்க வேண்டியிருக்கலாம். எம்ஆர்ஐயில் அதே இடம் இரண்டாகப் பிரிகிறது. ஒருவகைப் படத்தில் நெற்றிக்குள் இருப்பது பளீரென்று வெள்ளையாகத் தெரிகிறது; அது வெளியேற வழியில்லாமல் தேங்கிய சளி. மங்கலாகத் தெரியும் கட்டியோ சைனஸ் வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது. நெற்றியைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. முதலில் சொன்ன இரண்டு மருத்துவர்கள் இரண்டு பதில் சொன்னதற்குக் காரணம் சில நேரம் இவ்வளவுதான்.

புற்றுச் சந்தேகம் இருந்தால் இரண்டும் தேவை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. மூளை உறையைத் தொட்டுவிட்டதா, நரம்பு வழியாக ஊர்ந்து போயிருக்கிறதா என்பதற்கு எம்ஆர்ஐ. மூக்கின் கூரைத் தகடு அரிக்கப்பட்டிருக்கிறதா, பாப்பிலோமா ஒட்டிய இடத்தில் எலும்பு தடித்திருக்கிறதா என்பதற்கு சிடி. எலும்புக் கட்டிக்கு சிடி மட்டும் போதும். சிடி சில நிமிடத்தில் முடியும், கதிர் படும். எம்ஆர்ஐ அரை மணிக்கு மேல் ஓடும். சத்தமும் குறுகிய குழாயும் சிலருக்கு ஒத்துவராது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெட் ஸ்கேன் வேறு வேலைக்கு உரியது. உடலில் மற்ற இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்று தேட அது உதவும். கட்டி நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க அதை நம்பாதீர்கள்; புற்றல்லாத பாப்பிலோமாவும் அதில் ஒளிரும்.

## ஒரே நோயியல் அறிக்கை போதுமா?

செதிள் செல் புற்று என்று ஐயமின்றி எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் மூக்கில் வரும் பல கட்டிகள் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோல, நீலநிறச் சிறு உருண்டைச் செல்களாகத் தெரியும். மோப்ப நரம்புக் கட்டி, லிம்போமா, நிறமில்லாத மெலனோமா, வகை பிரித்தறிய முடியாத சைனஸ் புற்று எல்லாம் இந்தக் கூட்டம். சிறப்புச் சாயப் பரிசோதனைகள் செய்துதான் பிரிக்க முடியும்.

லிம்போமாவுக்குக் கட்டியை வெட்டி எடுக்கும் அறுவையே கிடையாது; மருந்தும் கதிர்வீச்சும்தான். தவறான பெயரோடு அரங்குக்குள் போனால், தேவையற்ற ஒரு பெரிய அறுவையை ஒருவர் சுமக்க நேரும். ஆகவே ‘சிறு உருண்டைச் செல் கட்டி’, ‘வேறுபாடு குறைந்த புற்று’ போன்ற சொற்கள் இருந்தால், ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் வாங்கிக்கொண்டு தலை, கழுத்துத் திசுக்களை அதிகம் பார்க்கும் இன்னொரு நோயியல் நிபுணரிடம் கொடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் தாமதமாகும். இந்தக் கட்டுரையில் வரும் தாமதங்களிலேயே நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

## எண்டோஸ்கோப் வழி அறுவை

மூக்குத் துவாரம் வழியாகக் கேமராக் குழாயையும் கருவிகளையும் விட்டு எடுப்பது. ஒரு காலத்தில் சதைக்கும் சைனஸ் அழற்சிக்கும் மட்டுமே பயன்பட்ட இந்த முறை, மூளைக்கு அடியிலிருக்கும் கட்டிகள் வரை போனதற்கு ஒரு முக்கியக் காரணம், திறந்த இடத்தை மூடும் வழி கிடைத்ததுதான். மூக்கின் நடுச்சுவரிலிருந்து இரத்த ஓட்டத்தோடு ஒரு திசுமடலை எடுத்துத் திருப்பி மூடும் முறை 2006-இல் வெளியானது. அதன் பிறகு மூளைநீர்க் கசிவு வெகுவாகக் குறைந்தது.

குடும்பத்தினர் பயப்படுவது ஒன்றுக்கு: “துண்டு துண்டாக எடுக்கிறார்களாமே, புற்று சிதறாதா?” மரம் வெட்டுகிறவர் முதலில் கிளைகளைக் கழிப்பார், அடிமரம் தெரிந்த பின்தான் கோடாரியை அங்கே வைப்பார். இங்கும் காற்றறையில் தொங்கும் பகுதியைக் குறைத்துவிட்டு, ஒட்டிய இடத்தைச் சுற்றி நல்ல திசுவோடு வெட்டி, அந்த ஓரங்களை அரங்கிலிருந்தபடியே உறைபனிப் பரிசோதனைக்கு (திசுவை உறையவைத்து உடனே பார்ப்பது) அனுப்புகிறார்கள். கணக்கில் வருவது அந்த ஓரம்தான்.

வெளியில் சொல்லப்படாத விலை தழும்பில் இல்லை, பொருக்கில் இருக்கிறது. சுவர்கள் எடுக்கப்பட்ட மூக்கு, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் திறனை இழக்கிறது. நாள் தவறாமல் உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவுதொட்டி முன் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி பாட்டிலை அழுத்தினால், சில நாள் வெறும் நீர் வரும். சில நாள் பச்சையும் பழுப்புமாக, மூக்கின் உள்வடிவத்தையே அச்செடுத்தது போல ஒரு பொருக்கு உடைந்து விழும். அன்று முழுக்க மூச்சு லேசாக இருக்கும். இது மாதக்கணக்கில் தொடரும். கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் நீளும். மோப்பப் பகுதி எடுக்கப்பட்டால் வாசனை போய்விடும், அதோடு உணவின் ருசியில் பாதியும். மூளை உறை வரை போன அறுவை என்றால் சில வாரங்களுக்கு மூக்குச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது; குனிந்தால் ஒரு பக்கம் தெளிந்த நீர் சொட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாப்பிலோமா, மூக்கறையோடும் கண்களுக்கு இடையிலுள்ள நடுச் சைனஸ்களோடும் நிற்கும் புற்றுகள், மூக்கின் கூரையைத் தொட்ட மோப்ப நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை, இரத்தநாள நார்க்கட்டிகளில் பல ஆகியவற்றுக்கு இதுவே நல்ல வழி.

## திறந்து செய்யும் அறுவை

மூக்கின் ஓரமாகக் கீறிச் செய்வது, மேலுதட்டின் உட்புறம் கீறி முகத்தோலை மேலே தூக்கிச் செய்வது, நரம்பியல் அறுவை நிபுணரோடு சேர்ந்து மண்டையோட்டையும் திறந்து செய்வது என்று இதில் பல படிகள். உதட்டின் உட்புறம் கீறும் முறையில் முகத்தில் தழும்பே தெரியாது என்பதைப் பலர் கேட்டதே இல்லை. மூக்கோரக் கீறலும் இயற்கையான மடிப்பில் விழுவதால், ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிடும். தழும்புக்குப் பயந்து இந்த வழியைத் தள்ளுவது சரியான காரணமில்லை.

உண்மையான விலை வேறு. கன்னமும் மேலுதடும் மரத்துக் கிடப்பது, கண்ணீர்க் குழாய் வெட்டுப்பட்டு நிற்காமல் வழியும் கண்ணீர், கீழிமை இழுபடுவது. மண்டையோட்டைத் திறந்தால் முன்மூளை நகர்த்தப்படுவதன் பின்விளைவுகள், நீளும் மருத்துவமனை வாசம்.

முகத்தோல், அண்ணம், மேல்தாடையின் முன்சுவர், நெற்றி சைனஸின் முன்சுவர் ஆகியவற்றுக்குக் கட்டி வந்துவிட்டால், கண்குழிக்கு மேலே பக்கவாட்டில் மூளை உறையைப் பிடித்திருந்தால், கண்ணையே எடுக்க வேண்டியிருந்தால், துவாரம் வழியாக எட்டாது. எட்டாத இடத்தை எட்டுவேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

| அளவுகோல் | எண்டோஸ்கோப் வழி | திறந்த அறுவை |
|---|---|---|
| எட்டும் இடம் | மூக்கறை, நடுச் சைனஸ்கள், மூக்கின் கூரை | முகத்தோல், அண்ணம், முன்சுவர்கள், கண்குழி, பக்கவாட்டு மூளை உறை |
| பார்வை | அருகிலிருந்து, பெரிதாக்கி, மூலை முடுக்கு வரை | நேரடியாக, கைக்கு இடம் தாராளமாக |
| மருத்துவமனை நாட்கள் | பொதுவாகக் குறைவு | பொதுவாக அதிகம் |
| மறைந்திருக்கும் விலை | நெடுநாள் பொருக்கு, கழுவுதல், வாசனை இழப்பு | மரத்தல், கண்ணீர் வழிதல், இமை மாற்றம், கூடவே பொருக்கும் |
| இடையில் மாற நேர்ந்தால் | திறந்த முறைக்கு மாறலாம். ஒப்புதலில் முன்பே எழுதியிருக்க வேண்டும் | தேவைப்பட்ட இடத்தில் எண்டோஸ்கோப்பும் துணைக்கு வரும் |

உயிர்பிழைப்பு என்று ஒரு வரியை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு கிடையாது. எண்டோஸ்கோப் கணக்குகள் அழகாகத் தெரிவதற்குக் காரணங்களில் ஒன்று, சிறிய கட்டிகளே அந்த வழிக்கு அனுப்பப்படுவது.

## அண்ணம் போனால்: தகடா, திசு மாற்றா?

மேல்தாடையோடு அண்ணமும் எடுக்கப்பட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே வழி திறந்துவிடும். அதைப் பல்செட் போன்ற தகட்டால் அடைக்கலாம். தொடையிலிருந்தோ காலெலும்போடோ திசு எடுத்துத் தைத்தும் அடைக்கலாம்.

தகட்டைக் கழற்றினால் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல மாறும். குடித்த நீர் மூக்கால் வரும். ஒவ்வொரு வேளையும் கழுவி மாட்ட வேண்டும். வாயின் வடிவம் மாற மாற, தகட்டையும் மாற்ற வேண்டும். அறுவை நேரம் குறைவு, கழற்றினால் உள்ளே நேரடியாகப் பார்க்கலாம் என்பவை அதன் பலம். திசு மாற்று அறுவை பல மணி நேரம் கூடுதலாக நீளும், எடுத்த இடத்திலும் ஒரு காயம் ஆற வேண்டும். ஆனால் ஆறிய பின் கழற்றி மாட்டும் வேலை இல்லை. சிறிய துளை, தகட்டைப் பிடிக்க நல்ல பற்கள், நீண்ட மயக்கம் தாங்காத உடல் என்றால் தகடு. பாதி அண்ணத்துக்கு மேல் போய்விட்டால், பல்லும் இல்லையென்றால், திசு.

## கதிர்வீச்சு: நவீன ஃபோட்டானா, புரோட்டானா?

அறுவைக்குப் பின் சுமார் 60 முதல் 66 கிரே (கதிர் அளவின் அலகு) வரை, ஆறு வாரங்களையொட்டித் தினமும் சிறிது சிறிதாகக் கொடுப்பது பரவலான வழக்கம். வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் அது முகத்தின் அச்சாக இறுகிவிடும். அதைப் போட்டு மேசையோடு பூட்டித்தான் ஒவ்வொரு நாளும் கதிர். எழுந்து வரும்போது கன்னத்தில் வலைக் கட்டங்கள் பதிந்திருக்கும்.

செறிவை மாற்றியமைக்கும் ஃபோட்டான் (எக்ஸ்ரே) முறை, கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வளைத்துக் கண்ணுக்குப் போவதை வெகுவாகக் குறைத்தது. புரோட்டான் என்னும் அணுத்துகள் இன்னொரு படி மேலே. குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், அதற்கு அப்பால் கதிர் ஏறக்குறைய இல்லை. பார்வை நரம்பிலிருந்து சில மில்லிமீட்டரில் இருக்கும் கட்டிக்கு இது பெரிய விஷயம். பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வந்த ஒரு அலசல், புரோட்டான் போன்ற துகள் சிகிச்சைக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் அதுவும் நேருக்கு நேர் வைத்த சோதனை அல்ல.

புரோட்டானுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. திட்டமிடும் நாளில் சளி நிரம்பியிருந்த சைனஸ், மூன்றாம் வாரத்தில் காலியாகிவிட்டால், துகள் நிற்கும் ஆழமே மாறிவிடும். இடையிடையே ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டும். அத்தகைய மையங்கள் குறைவு. இடம் கிடைக்கக் காத்திருப்பு, வேறு ஊரில் ஒன்றரை மாதத் தங்கல், உடனிருப்பவரின் வேலை இழப்பு எல்லாம் கணக்கில் வரும். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவது முக்கியம். புரோட்டானுக்காகக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டுவதை விட, அருகில் நல்ல ஃபோட்டான் சிகிச்சையை வேளையில் தொடங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன். கட்டி பார்வை நரம்பை ஒட்டியிருந்தாலும், அதே இடத்தில் முன்பே கதிர் வாங்கியிருந்தாலும், குழந்தையாக இருந்தாலும், புரோட்டானுக்கு அலைவதில் பொருள் உண்டு.

எதுவானாலும் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பாருங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

## முதலில் கீமோ, பிறகு முடிவு

எல்லோருக்கும் இல்லை. வகை பிரித்தறிய முடியாத சைனஸ் புற்றில் இது முன்னுக்கு வந்திருக்கிறது. 2019-இல் வெளியான, 95 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், முதல் கீமோவில் நன்கு சுருங்கியவர்களுக்கு அறுவையைவிடக் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்தது நல்ல பலன் தந்தது. சுருங்காதவர்களுக்கு அறுவையே கைகொடுத்தது. அதாவது கட்டியே வழியைச் சொல்கிறது. கண்ணைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது. மருந்துக்கு அசையாத கட்டி அந்த வாரங்களில் வளரக்கூடும் என்பது இதன் விலை.

## எதுவும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான். வேறு காரணத்துக்காக எடுத்த சிடியில் நெற்றி சைனஸில் ஒரு சின்ன எலும்புக் கட்டி தெரிந்தால், வலியில்லை, சைனஸ் வாயை அடைக்கவில்லை என்றால், இடைவெளி விட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலே போதும். பாப்பிலோமாவை அப்படி விடக்கூடாது. புற்றல்ல என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அதில் 5 முதல் 10 சதவீதத்தில் புற்று கலந்திருக்கிறது அல்லது பின்னால் வருகிறது.

## மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“இது போன்ற கட்டிகளை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறுவை, கதிர்வீச்சு, மருந்து, நோயியல், கதிரியல் நிபுணர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களா என்று கேளுங்கள். இரண்டு வழியும் தெரிந்த ஒருவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பெயர் முடிவு. ஒன்று மட்டுமே தெரிந்தவர் அதையே சொன்னால், அவருக்குக் கையில் இருப்பது அது. கண்ணைச் சுற்றிய உறையைக் கட்டி தாண்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். தாண்டவில்லை என்றால் கண்ணை எடுக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் சொல்லியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும், ஸ்கேன் தகடுகளையும் நோயியல் அறிக்கையையும் அறுவைக் குறிப்பையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பாப்பிலோமா பல ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம். மோப்ப நரம்புக் கட்டி பத்தாண்டு தாண்டியும் வந்திருக்கிறது. அன்று எம்ஆர்ஐயில் ஒரு மூலையில் சிறு தடிப்பு தெரியும்போது, அது புதிதா, அறுவைக்குப் பின் எப்போதும் இருந்ததா என்று சொல்ல, அந்தப் பழைய உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.